முகர்ரர்

பிரிசில்லா எழுதிய இசையை வாசிக்கச் சென்னையிலிருந்து வந்த நாலு பேரும், வேனிலிருந்து இறங்கியதும் கேட்ட முதல் கேள்வி, பிரியாணி எந்தக் கடையில் நன்றாக இருக்கும் என்பதுதான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆம்பூருக்கு வருகிற எல்லாரும் இதையே கேட்கிறார்கள். ஷூ ஆர்டர் கொடுக்க வரும் வெளிநாட்டுக்காரர்கள் கூட, கைகுலுக்கி முடிப்பதற்குள் இதற்கு வந்துவிடுவார்கள்.

"மொதல்ல வாசிங்க. அப்புறம்தான் சோறு" என்றேன்.

குழுத் தலைவர் வசந்த் சிரித்துவிட்டு வயலின் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டார். பிரிசில்லா சிரிக்கவில்லை. அன்று காலையிலிருந்தே அவள் முகத்தில் ஈயாடவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும். அவள் எழுதியவற்றில் இதுதான் கடைசி என்று முடிவு செய்திருந்தாள்.

நானும் அவளும் ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்ச். நான் இங்கே ஒரு ஷூ கம்பெனியில் வெல்ஃபேர் ஆபீசர். அவள் இசையமைப்பாளர். இசையமைப்பாளர் என்று சொன்னால் உடனே எல்லாரும் "எந்தப் படம்?" என்பார்கள். படமெல்லாம் இல்லை. வயலின், செல்லோ, புல்லாங்குழல், கோரஸ் இவற்றுக்காகத் தாளில் ஒவ்வொரு குறியாக எழுதிக் கொடுப்பாள். மேடையில் உட்கார்ந்து அதை வாசிப்பார்கள். போன வருஷம் ஜெர்மனியில் பன்னிரண்டு பேர் வாசித்தார்கள். அதற்குப் பிறகு கோவாவில் ஒரு கோரஸ் பாடியது. இந்தக் குளிர்காலத்தில் பின்லாந்தில், மரத்தால் கட்டிய ஒரு சர்ச்சில், ஒரே ஒரு பெண் புல்லாங்குழலில் வாசித்தாள். எல்லாவற்றையும் எனக்குப் போனில் அனுப்புவாள். எனக்கு முழுக்கப் புரிந்தது என்று சொன்னால் அது பொய். ஆனால் அந்தப் பின்லாந்து வாசிப்பைச் சமையலறையில் வைத்துக் கேட்டபோது அடுப்பை அணைத்துவிட்டு நின்றேன். அது உண்மை.

இவ்வளவு ஊர் சுற்றுகிறவளுக்கு என்ன குறை என்றுதான் நானும் நினைத்தேன். ஒரு மாதத்துக்கு முன் ஒரு அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். அதுவரை எழுதிய தாள்கள் எல்லாம் அதில் இருந்தன. பழுப்பு டேப்பை நாலு பக்கமும் சுற்றி ஒட்டியிருந்தாள்.

"உங்க ஸ்டோர்ரூம்ல போட்டு வைடி. வேலூர் சத்துவாச்சாரி வீட்ட காலி பண்றேன். பெங்களூர்ல ஒரு ஸ்கூல்ல மியூசிக் டீச்சர் வேலை. அம்மாவையும் கூட்டினு போறேன்."

"வேலைக்குப் போ, யாரு வேணாம்னா. பெட்டிக்கு எதுக்கு இத்தனை டேப்பு?"

"இனிமே எழுதறதா இல்ல."

இன்னா உளர்றே என்று கத்தினேன். அவள் பொறுமையாகச் சொன்னாள். எழுதியது ஒவ்வொன்றும் ஒரே ஒரு தடவைதான் மேடை ஏறியிருக்கிறது. நோட்டீஸில் 'முதல் நிகழ்ச்சி' என்று பெரிதாகப் போடுவார்கள். எழுந்து நின்று கைதட்டுவார்கள். பிறகு அதை யாரும் தொடுவதில்லை.

"அவங்களுக்குப் புதுசு வேணும். பழசு வேணும்னா செத்துப்போனவங்க எழுதினது இருக்குது. நான் நடுவுல மாட்டிக்கினேன். ஒருத்தராச்சும், அன்னிக்கி வாசிச்சீங்களே அத இன்னொரு வாட்டி வாசிங்கன்னு கேட்டதில்ல, ஜஹீதா. ஒருத்தர் கூட. அப்ப அது தேவையில்லாத ஒண்ணுன்னுதானே அர்த்தம்?"

அழுதிருந்தால் சமாதானம் சொல்லியிருப்பேன். அவள் கணக்குப் பாடம் ஒப்பிப்பதுபோலச் சொன்னாள். அதுதான் என்னைக் கலக்கியது.

மிச்சம் இருந்தது இந்த ஒன்றுதான். வெளிநாட்டு அமைப்பு ஒன்று கேட்டதால் அவள் எழுதியது. முதல் நிகழ்ச்சி அவளுடைய சொந்த ஊர்ப் பக்கம் நடக்க வேண்டும் என்பது அவர்கள் நிபந்தனை. வேலூரில் பேசி வைத்திருந்த கல்லூரி அரங்கம், பரீட்சை என்று சொல்லிக் கடைசி வாரத்தில் கையை விரித்துவிட்டது. "விடு, நடக்கலன்னா நடக்கல" என்றாள் பிரிசில்லா. எனக்கு வந்த கோபத்தில், என் வீட்டுக்காரரின் மாமாவுடைய கல்யாண மண்டபமான ஷாதி மஹாலை அன்று மாலையே பிடித்துவிட்டேன்.

என் வீட்டுக்காரர் ஷபீ அஹமது தோலுக்கான சாயப்பவுடர் வியாபாரம் செய்கிறார். அவருடைய உயிர் மட்டும் முஷாயிராவில் இருக்கிறது. முஷாயிரா என்றால் உருதுக் கவியரங்கம். எங்கள் ஊரில் அது இல்லாத மாதம் இல்லை. கவிஞர் ஒரு வரி சொல்வார். பிடித்துப்போனால் கூட்டத்திலிருந்து 'முகர்ரர்!' என்று குரல் வரும். திரும்பச் சொல்லுங்கள் என்று அர்த்தம். கவிஞர் நெஞ்சில் கைவைத்து அந்த வரியை மறுபடி சொல்வார். இவர் அடிக்கும் 'முகர்ரர்' ரயில்வே கேட் வரைக்கும் கேட்கும். இவரிடம் கூட்டம் சேர்க்கும் வேலையைக் கொடுத்தேன். முஷாயிரா தோஸ்துகள் அத்தனை பேரையும் திரட்டிவிட்டார். நான் கம்பெனி பஸ்ஸில் ஸ்டிச்சிங் லைன் பெண்களை ஏற்றிக்கொண்டு வந்தேன். பிரிசில்லாவின் சர்ச்சிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள்.

சாயங்கால மக்ரிப் தொழுகை முடிந்ததும் ஆரம்பித்து ராத்திரி இஷா தொழுகையின் பாங்குக்கு முன் முடிப்பதாக ஏற்பாடு. ஆண்கள் வலப்பக்கம், பெண்கள் இடப்பக்கம், நடுவில் கல்யாணத்துக்குக் கட்டுகிற பச்சைத் திரை. அதை எடுக்கச் சொல்லி மாமாவிடம் மல்லுக்கு நின்றதில், மேடை தெரிகிற மாதிரி பாதி வரைக்கும் சுருட்டிவைக்கச் சம்மதித்தார்.

ஆரம்பிக்கும் முன் வசந்த் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "மேடம், மூணு பகுதி இருக்கு. நடுவுல கைதட்ட வேணாம்னு சொல்லிடுங்க. பேச வேணாம். போனை ஆஃப் பண்ணிடச் சொல்லுங்க. ரொம்ப நுட்பமான இசை."

மைக்கில் தமிழில் ஒரு தடவை, உருதுவில் ஒரு தடவை சொன்னேன். கூட்டம் தலையாட்டியது. நானும் போய்ப் பெண்கள் பக்கம் முதல் வரிசையில், பிரிசில்லாவின் அம்மா பூவம்மாள் பக்கத்தில் உட்கார்ந்தேன். பிரிசில்லா கடைசி வரிசையில் வாசலை ஒட்டி உட்கார்ந்துகொண்டாள். ஓடிப்போக வசதியான இடம்.

"எனக்கு இன்னாம்மா புரியப் போவுது" என்றார் பூவம்மாள் என் காதில். "அவ எழுதறது கர்த்தருக்குத்தான் வெளிச்சம். முடியற வரைக்கும் தூங்காம இருந்தா போதும்."

முதல் பகுதியில் அவர் தூங்கவில்லை. ஆனால் முழு மண்டபமும் பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் வந்ததுபோல விறைத்து உட்கார்ந்திருந்தது. வயலின்கள் கீச்சென்று ஏறின, இறங்கின. லைன் பெண்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, மரியாதைக் குறைவாக ஏதாவது செய்துவிடுவோமோ என்ற பயத்தில் மூச்சைக் கூட அளந்து விட்டார்கள். முதல் பகுதி முடிந்தது. சொன்னபடியே யாரும் கைதட்டவில்லை. அந்த அமைதி எனக்கே தாங்க முடியாமல் இருந்தது. திரும்பிப் பார்த்தேன். பிரிசில்லா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போச்சு, பெங்களூர் பஸ்ஸில் நானே ஏற்றிவிட்டதாக ஆகப்போகிறது என்று நினைத்தேன்.

இரண்டாவது பகுதி ஆரம்பித்தது. நாலு வாத்தியமும் வேகமாக, ஒன்றின்மேல் ஒன்று ஏறி, இடைவிடாமல் கடகடவென்று ஓடின. கொஞ்ச நேரத்தில் லைன் பெண்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். எனக்கும் ஏதோ தட்டியது. இது எனக்குத் தெரிந்த சத்தம்.

பிளஸ் டூ லீவில் நானும் பிரிசில்லாவும் இதே கம்பெனியின் ஸ்டிச்சிங் ஹாலில் நூல் வெட்டும் வேலைக்குப் போனோம். பூவம்மாள் அப்போது அங்கே டெய்லர். அத்தனை மெஷினும் ஓடும்போது பக்கத்தில் இருப்பவளிடம் ரகசியம் பேசுவதென்றாலும் தொண்டை கிழியக் கத்த வேண்டும். ஒருநாள் பூவம்மாள் தன் தோழியிடம் கத்திக்கொண்டிருந்தார். திடீரென்று கரண்ட் போனது. மெஷின்கள் ஒவ்வொன்றாக இழுத்து இழுத்து நின்றன. பூவம்மாளின் குரல் மட்டும் நிற்காமல் அதே சத்தத்தில் ஹால் முழுக்கக் கேட்டது: "சூப்பர்வைசர் தலைல இருக்கறது விக்குடீ!"

சூப்பர்வைசர் பின்னாலேயே நின்றிருந்தார்.

மேடையில் இப்போது வாத்தியங்கள் ஒவ்வொன்றாக இழுத்து இழுத்து அடங்கின. வயலினைவிடக் கொஞ்சம் பெரிய வயோலா மட்டும் தனியாக, முழுச் சத்தத்தில், ஒரு வாக்கியம் சொல்லிவிட்டுச் சட்டென்று குரலை விழுங்கிக்கொண்டது. அதை வாசித்த பூங்குழலி என்ற பெண் கண்ணை மூடி, யாரோ இறந்துபோன துக்கத்தை வாசிப்பதுபோல வாசித்தாள்.

பூவம்மாள் என் தொடையைப் பிடித்தார். நகம் பதிந்துவிட்டது.

"ஐயோ" என்றார். "ஏய் ஜஹீதா. கரண்ட் போயிடுச்சுடீ. அது நான்டீ!"

மெதுவாகச் சொன்னதாகத்தான் அவர் நினைத்திருப்பார். முப்பது வருஷம் மெஷின் சத்தத்தில் பேசிய தொண்டை அது. மூன்றாவது வரிசையிலிருந்து, அவருடன் அந்தக் காலத்தில் வேலை செய்த சம்பூர்ணம் எழுந்தே நின்றுவிட்டாள். "பூவம்மா, விக்கு!" என்று கத்தினாள். அவ்வளவுதான். அந்தக் கதை தெரியாத பெண் எங்கள் லைனில் கிடையாது. போன மாதம் வேலைக்குச் சேர்ந்தவளுக்குக் கூட யாராவது சொல்லியிருப்பார்கள். இடப்பக்கம் முழுக்கச் சிரிப்பு வெடித்தது.

வலப்பக்கம் ஆண்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. திரைக்கு இந்தப் பக்கம் பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள், ஏதோ அருமையான இடம் கைநழுவிப் போய்விட்டது என்பது மட்டும் தெரிந்தது. என் வீட்டுக்காரருக்கு அது பொறுக்குமா?

"முகர்ரர்!"

அதைத் தொடர்ந்து அவருடைய தோஸ்துகள்: "முகர்ரர், முகர்ரர்!" ஒருவர் 'வாஹ்' என்று கையை வேறு உயர்த்தினார்.

வாசிப்பு நின்றது. வசந்தின் வில் காற்றிலேயே நின்றது. உலகத்தில் எந்த ஊர் மேடையிலும் அவருக்கு இப்படி நடந்திருக்காது. நான் திரையை விலக்கி இவரைப் பார்த்த பார்வையில் வேறு ஆளாக இருந்தால் எரிந்து போயிருப்பார். இவர் கொஞ்சமும் அசரவில்லை.

"கைதட்டக் கூடாதுன்னுதானே சொன்னே? முகர்ரர் சொல்லக் கூடாதுன்னு சொன்னியா?"

வீட்டுக்கு வாங்க, வைத்துக்கொள்கிறேன் என்று சைகை காட்டிவிட்டு மேடையேறினேன். கடைசியாக எழுதியதையும் கேலிக்கூத்து ஆக்கிவிட்டோம், அதுவும் நான் பிடித்த மண்டபத்தில், என் புருஷன் வாயால். பிரிசில்லாவைப் பார்க்கவே தைரியம் வரவில்லை.

"என்ன மேடம் சொல்றாங்க? நிறுத்தச் சொல்றாங்களா?" என்றார் வசந்த். முகம் சிவந்திருந்தது.

"இல்ல சார். திரும்ப வாசிக்கச் சொல்றாங்க."

"எதை?"

"இப்ப வாசிச்சீங்களே, அந்த இடத்த. இன்னொரு வாட்டி."

சொல்லி முடித்த பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்பது எனக்கே உறைத்தது. மெல்லத் திரும்பி வாசலைப் பார்த்தேன். பிரிசில்லா எழுந்து நின்றிருந்தாள். ஓடப்போகிறாள் என்று நினைத்தேன். ஓடவில்லை. நாற்காலிகளுக்கு நடுவே மேடையை நோக்கி வந்தாள். குரல் தெளிவாக இருந்தது.

"மெஷின் நிக்கறதுக்கு முன்னாலேருந்து வாசிங்க" என்றாள்.

"மெஷினா?" என்றாள் பூங்குழலி.

"ஆமா. தையல் மெஷின். உன்னுது மட்டும் எங்கம்மா. கரண்ட் போனது தெரியாம கத்தறாங்க. அப்புறம் தெரியுது."

பூங்குழலி, கூட்டத்தில் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்த பூவம்மாளைப் பார்த்தாள். "இத மொதல்லயே சொல்லியிருக்கலாமில்லக்கா! நான் ஒரு மாசமா அழுதுக்கிட்டே வாசிச்சிட்டிருக்கேன்!"

மறுபடி வாசித்தார்கள். மெஷின்கள் ஓடின, இழுத்து இழுத்து நின்றன. இந்தத் தடவை பூங்குழலி கண்ணை மூடவில்லை. கழுத்தை நீட்டிக்கொண்டு, ஊர் வம்பைக் கொட்டுகிற குஷியில் வயோலாவைக் கத்தவிட்டு, சட்டென்று மாட்டிக்கொண்டவள்போல வில்லை அமுக்கினாள். இரண்டு பக்கமும் சேர்ந்து சிரித்தது. என் வீட்டுக்காரர் 'சுப்ஹானல்லாஹ்' என்று பக்கத்திலிருந்தவர் தோளில் அடித்தார். சிரிப்பு ஓயும்போதுதான் தெரிந்தது, செல்லோ ஏற்கனவே அடியில் மெதுவாக ஏதோ பாடிக்கொண்டிருந்தது. இருட்டு ஹாலில் கரண்டுக்காகக் காத்திருக்கும்போது யாராவது ஒருத்தி முனகுவாளே, அந்த மாதிரி. மண்டபம் அடங்கியது. இந்தமுறை யாரும் பயந்து அடங்கவில்லை. காது கொடுத்து அடங்கினார்கள். வெட்கப்படாமல் அழுதேன்.

அந்தப் பகுதி முடிந்தது. கைதட்டக் கூடாது என்ற சட்டத்தை யாரும் மதிக்கவில்லை.

பிரிசில்லா மேடையோரமாகவே நின்று கேட்டாள். அவள் முகத்தில் சந்தோஷத்தைத் தேடினேன். காணோம். புருவத்தைச் சுளித்துக்கொண்டிருந்தாள். விறுவிறுவென்று மேடையேறி, வசந்தின் ஸ்டாண்டில் இருந்த பென்சிலை எடுத்து, அவர் தாளில் ஏதோ திருத்தினாள். பிறகு பூங்குழலியின் தாளில். நாலு பேர் தாளிலும்.

"என்னாச்சு?" என்றார் வசந்த்.

"தப்பா எழுதியிருக்கேன். அம்மா கத்தினப்புறம் சும்மா இருக்கிற நேரம் ரொம்பக் கம்மி. ஜனங்க சிரிப்பாங்கன்னு எனக்குத் தோணவே இல்ல. செல்லோ ஆரம்பிச்சதே யாருக்கும் கேக்கல. அத தள்ளி வச்சிருக்கேன்." பென்சிலைக் காதில் செருகிக்கொண்டாள். "ரெண்டாவது வாட்டி கேட்டாதான் இதெல்லாம் தெரியுது. எனக்கு இதுக்கு முன்னால ரெண்டாவது வாட்டி கெடைச்சதே இல்ல."

பிறகு மண்டபத்தைப் பார்த்துத் திரும்பினாள். வலப்பக்கம், இடப்பக்கம் இரண்டையும் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அவளை அப்படி ஒரு முகத்தோடு நான் பார்த்ததில்லை.

"முகர்ரர்" என்றாள்.

என் வீட்டுக்காரர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். நிஜமாகவே அதிர்ந்து போயிருந்தார்.

"இன்னாம்மா இது! எழுதினவங்களே முகர்ரர் கேக்கறதா? எந்த ஊர் வழக்கம்?"

"இந்த ஊர் வழக்கம்தான் பாய். இன்னிலேருந்து" என்றாள் பிரிசில்லா.

மூன்றாவது தடவை வாசித்தார்கள். வயோலா கத்துவதற்கு முன்னாலேயே பெண்கள் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். பூவம்மாள் வெட்கத்தை விட்டுவிட்டு, என்னமோ தானே வாசிப்பதுபோல இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்துக்கொண்டார். சிரிப்பு முழுதாக அடங்கும் வரை செல்லோ காத்திருந்தது. அதன் பிறகுதான் பாடியது.

மூன்றாவது பகுதியை வாசித்து முடிக்கவும் பாங்கு சொல்லவும் சரியாக இருந்தது. ஆண்கள் பள்ளிவாசலுக்குக் கிளம்பினார்கள். சர்ச்சிலிருந்து வந்தவர்கள் பிரிசில்லாவைச் சூழ்ந்துகொண்டார்கள். வசந்த் வயலினைத் துடைத்துப் பெட்டியில் வைத்தபடியே அவளிடம் சொன்னார்: "அடுத்த மாசம் சென்னையில ஒரு கச்சேரி இருக்கு. இதையே வச்சுக்கலாம்னு பாக்கறேன். அங்க யாரும் சிரிப்பாங்களான்னு தெரியாது."

"சிரிக்கற மாதிரி வாசிங்க" என்றாள் பிரிசில்லா, பூங்குழலியைப் பார்த்து. "ஆனா மூணாவது பகுதி இன்னும் சரியில்ல. மாத்தி அனுப்பறேன்."

பெங்களூர் வேலையை அவள் விடவில்லை. அடுத்த திங்கள்கிழமை போய்ச் சேர்ந்தாள். அது வேறு விஷயம். நிகழ்ச்சி முடிந்த அன்று இரவு எங்கள் வீட்டில் சாப்பாட்டுப் பந்தியில், ஒருவழியாகத் தட்டில் விழுந்த பிரியாணியைத் தொடக்கூடச் செய்யாமல், என் பக்கம் சாய்ந்தாள்.

"உங்க ஸ்டோர்ரூம் சாவி எங்கடி?"

"எதுக்கு?"

"பின்லாந்துல வாசிச்சது ஒண்ணு இருக்குதில்ல, அத எடுக்கணும். அதுலயும் ஒரு எடம் ஒதைக்குது. இப்பதான் தோணுது."

இடுப்புக் கொத்திலிருந்து சாவியைக் கழற்றி அவள் கையில் வைத்தேன். டேப்பை நாலு சுற்று சுற்றி வைத்திருக்கிறாயே, கத்தரிக்கோல் தரட்டுமா என்று கேட்டேன்.

வேண்டாம், பல்லாலேயே கிழித்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு, சாப்பிடாமல் எழுந்து போனாள்.